பஞ்சுவைத் தேடிய வீடு

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வேம்புலி தன் மகன் வளர்த்த பாம்பைத் தலையணை உறையில் போட்டுக் கட்டி, டிவிஎஸ் வண்டியில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு அம்பத்தூர் ஏரிக்குப் போனார். ஐம்பத்தேழு வயதுக்குள் அவர் செய்த எந்தக் காரியமும் அவ்வளவு சுலபமாக முடிந்ததில்லை. மேனாம்பேட்டுத் தெருவில் ஒருவரும் எதிரில் வரவில்லை. மனைவி வரலட்சுமி சுக்கும் பூண்டும் பனைவெல்லமும் வாங்க ஓ.டி. மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மகன் தினகரன் வேலைக்குப் போயிருந்தான். மாடியில் குடியிருந்த ஜமீலாவின் தையல் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வேம்புலிக்கு மண்ணூர்பேட்டையில் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் வேலை. கியர் சக்கரங்களை உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடமாக அதுதான். உலை வாசலில் போட்டுக்கொள்ளும் முழங்கை வரையான தோல் கையுறையை அன்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மூன்று வருடமாக வீட்டில் இருந்த பாம்பை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. பெட்டியின் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் கையை நுழைத்தபோது அது கடிக்கவில்லை, சீறவில்லை. கையுறையைச் சுற்றிக்கொண்டு அப்படியே வெளியே வந்தது. அந்தத் தடித்த தோலுக்குள் அதன் கனம் மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

ஏரியின் கரையில் கோரைப்புல் மண்டிய இடமாகப் பார்த்து உறையைக் கவிழ்த்தார். விழுந்த இடத்திலேயே அது பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே வைத்துக்கொண்டது. போய்விடும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். போகவில்லை. ஒரு குச்சியால் மெல்லத் தள்ளினார். இன்னும் இறுக்கிக்கொண்டது. உறையைப் புதரில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்து, பெட்டியின் கண்ணாடி நாலு விரல் திறந்திருக்கும்படி தள்ளி வைத்தார். கை கழுவிவிட்டுச் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அவருக்கு அந்தப் பாம்பின்மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. மூத்தவள் சௌம்யாவைப் பூந்தமல்லியில் கொடுத்திருந்தது. முதலில் தங்கிய கரு நாலாம் மாதத்தில் கலைந்து, இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் ஏழாம் மாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, அது முடிந்ததும் பிறந்த வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். நாள் குறிக்கப் போனபோது சம்பந்தியம்மா அன்னம்மாள் சொல்லிவிட்டாள், பாம்பு இருக்கும் வீட்டுக்குப் பிள்ளைத்தாச்சியை அனுப்ப மாட்டேன் என்று. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னார். தினகரன் செல்போனைப் பார்த்துக்கொண்டே, பார்க்கலாம் என்றான். அந்த ஒரு வார்த்தை அவரைச் சுட்டுவிட்டது. அக்காவைவிட உனக்குப் பாம்பு பெரிதா என்று கேட்டார். அவன் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு மாதம் இருவருக்கும் பேச்சில்லை. ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர் தட்டு எடுப்பார். வரலட்சுமி நடுவில் நின்று, குழம்பு வேண்டுமா என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தினகரன் அன்று ஏழு மணிக்கு வந்தான். லிஃப்ட் மெக்கானிக் வேலை. சட்டை முழுக்க கிரீஸ். அறைக்குள் போனான். பிறகு கூடத்துக்கு வந்து நின்றான்.

"பொட்டிய யார்னா தொறந்தீங்களா?"

தான் ஏன் அந்தப் பக்கம் போகப்போகிறேன் என்றாள் வரலட்சுமி. வேம்புலி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காத்தால அவசரத்துல நீதான் சரியா சாத்தாம போயிருப்பே."

ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் மகனிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது. தினகரன் கொஞ்சம் யோசித்தான்.

"ஆமா நைனா. திருவேற்காட்டுல லிஃப்டு நின்னுகினு உள்ள ஆளு மாட்டிகிச்சுனு போன் மேல போன். தண்ணி மாத்திட்டு அப்டியே ஓடிட்டேன். சாத்துனா மாரிதான் ஞாபகம். சாத்தல போலகீது."

சண்டைக்கு வருவான் என்று வேம்புலி தயாராக இருந்தார். அவன் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

வெள்ளிக்கிழமை தினகரன் லீவு போட்டான். காலையிலேயே மாடி ஏறிப் போய் ஜமீலாவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் பயப்படுவாள், வீட்டைக் காலி செய்கிறேன் என்பாள் என்று வரலட்சுமி நினைத்திருந்தாள். ஜமீலாவோ தைக்க வந்திருந்த நைட்டித் துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, பாம்பு கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டாள். திங்கட்கிழமை ஒரு எலி சாப்பிட்டது என்றான் தினகரன். அப்படியென்றால் பசி இருக்காது, எங்கேயாவது தூங்கிக்கொண்டிருக்கும் தம்பி என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டு ஃபிரிட்ஜைத் தானே நகர்த்திப் பார்க்கப் போனாள்.

தன் அக்காவுக்கும் அவனே போன் செய்தான். பஞ்சு பெட்டியிலிருந்து போய்விட்டது, அது விஷமில்லாததுதான், ஆனாலும் கிடைக்கும் வரைக்கும் நீ இங்கே வராதே என்றான். பஞ்சு என்பது அவன் வைத்த பெயர்.

வேம்புலி முதல் ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வந்தபோது வீடு தலைகீழாகக் கிடந்தது. வெளியே காற்றழுத்தத் தாழ்வு மழை. விடாமல் பெய்யாமல், நின்று நின்று கொட்டியது. அரிசி டிரம்மும் கேஸ் சிலிண்டரும் பழைய தையல் மெஷினும் கூடத்துக்கு வந்திருந்தன. வாஷிங் மெஷினின் பின் தகட்டைத் தினகரன் கழற்றியிருந்தான். ஃபிரிட்ஜின் அடியில், மோட்டார் சூடாக இருக்கும் இடத்தில், லிஃப்ட் குழிக்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியை நுழைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒவ்வொரு அறை வாசலிலும் வரலட்சுமி கோலமாவைப் பட்டையாகத் தூவி வைத்திருந்தாள். பாம்பு கடந்தால் தடம் விழும் என்று மகன் சொல்லியிருந்தான். மூன்று வருடமாக அந்தப் பெட்டிப் பக்கம் எட்டிப் பார்க்காதவள், கால் படாமல் மாவைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தாள். நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். தினகரன் தொடவில்லை.

"நைனா, பீரோவ ஒரு கை பிடிக்கறியா?"

இரண்டு பேருமாகப் பீரோவை நகர்த்தினார்கள். சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்க்க வேண்டும் என்றான். அப்பாவும் மகனும் தரையில் கன்னம் பதிய எதிரெதிராகப் படுத்துப் பார்த்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் மகனின் முகம் தெரிந்தது. தூங்காத கண்.

இந்த மாதிரி முகத்தை வேம்புலி இதற்கு முன்பும் பார்த்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் லிஃப்ட் குழிக்குள் விழுந்து கால் முறிந்து, நாலு மாதம் இதே கட்டிலில் தினகரன் கிடந்தான். யார் என்ன கேட்டாலும் பேசமாட்டான். கூடப் படித்த கார்த்திகேசன்தான் வேலப்பன்சாவடியிலிருந்து இந்தப் பாம்பை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து அவன் நெஞ்சின்மேல் வைத்தான். அன்றைக்கு வீட்டில் பெரிய ரகளை. ஆனால் அன்று சாயங்காலமே தினகரன் எழுந்து உட்கார்ந்து, இதற்கு ஒரு பெட்டி செய்ய வேண்டும், பிளைவுட் வேண்டும் என்று கேட்டான். வனத்துறையில் பதிந்து வாங்கிய தாளை லேமினேட் செய்து சுவரில் மாட்டினான். பெட்டிக்கு அடியில் சூடு கொடுக்கும் தகட்டை எந்த அளவில் வைப்பது என்று உலைக்காரரான அப்பாவிடம்தான் கேட்டான். வேம்புலியும் திட்டிக்கொண்டே வயரைப் பிரித்துப் பார்த்து, வெப்பத்தை அளவோடு நிறுத்தும் கருவியைச் சரிசெய்து கொடுத்தார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து தினகரன் பேசினான்.

"நாளைக்கு கார்த்தி வந்து எடுத்துகினு போறதா இருந்தான் நைனா."

"எத?"

"பஞ்சுவதான். அக்காவுக்குக் கொழந்த பொறந்து, அவங்க ஊட்டுக்குத் திரும்பிப் போற வரைக்கும் அவன் ரூம்ல இருக்கட்டும்னு பேசி வச்சிருந்தேன். ஒரு நாளு. ஒரே ஒரு நாளு முன்னாடி இப்டி பண்ணிட்டேன் பாரு."

"எங்கிட்ட சொல்லவே இல்லியேடா."

"நீ எங்க பேசுன? நானும் பேசல."

வேம்புலி டார்ச்சை அணைத்தார். வேறு எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எதற்கோ கேட்பதுபோல, வெளியில் போயிருந்தால் பிழைத்துக்கொள்ளும் இல்லையா என்று கேட்டார்.

"வெளிய போனா செத்துடும் நைனா. ஆப்பிரிக்காப் பாம்பு. இந்த மழைல நாலு நாளு தாங்குமோ என்னமோ. அதுக்கு ஓடவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. பயந்தா பந்தாட்டம் சுருண்டுகினு தலைய உள்ள வச்சுக்கும். அத தவிர வேற ஒண்ணும் தெரியாது. அதான் வாசலுக்குப் போறதுக்குள்ள கண்டுபுடிக்கணும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் மகன் ஒரு மாதத்துக்குப் பிறகு பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தான். அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. மழை நின்றதும் தானே போய்த் தேடி எடுத்துவந்து, வாசல் பூச்செடிக்குப் பக்கத்தில் கிடந்தது என்று கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். அன்று மழை முழுதாக விடவில்லை.

சனிக்கிழமை காலை அன்னம்மாள் போன் செய்தாள். வேம்புலி அன்று வேலைக்குப் போகவில்லை, அவர்தான் எடுத்தார். வளைகாப்பு நடக்கும், வாருங்கள், ஆனால் பெண்ணை அனுப்புவதற்கில்லை என்றாள். பெட்டிக்குள் இருந்தபோதே பயந்தேன், இப்போது வீட்டுக்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்கிறீர்கள், நான் எப்படி அனுப்புவேன், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டாள். எந்தக் காரியம் நடக்க வேண்டும் என்று அதைச் செய்தாரோ அதே காரியம் அதனாலேயே கெட்டுப்போய் நின்றது.

பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகில் வரலட்சுமி நின்றிருந்தாள். சௌம்யா வருகிறாள் என்று வீட்டுத் தலையணை உறைகளை எல்லாம் புதன்கிழமை துவைத்து மடித்து வைத்திருந்தாள். இப்போது எடுத்துப் பார்த்தால் பச்சைப் பூப்போட்டதில் ஒன்று குறைந்தது. மகன் பாம்பை டாக்டரிடம் கொண்டுபோகும்போதெல்லாம் தலையணை உறையில்தான் போட்டுக் கட்டுவான் என்பது அவளுக்குத் தெரியும். வேம்புலியின் தோல் கையுறை வண்டிப் பெட்டிக்குள் இருந்ததையும் பார்த்துவிட்டாள். அவள் குரலை உயர்த்தவில்லை. மகன் உள்ளே இருந்தான்.

"எங்க வுட்ட?"

வேம்புலி வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவன் ரெண்டு நாளா தரையோட தரையா பூந்து தேடறான். நா மாவு கொட்டிகினு கீறேன். நீயும் கூடக் குனிஞ்சு பாக்கற. எப்டி முடிஞ்சுது உன்னால?"

"ஏரில வுட்டேன். போய் எடுத்தாந்துடறேன்."

"எடுத்தாந்தா சரி. இல்லன்னா நீதான் அவங்கிட்ட சொல்லணும். நா சொல்ல மாட்டேன்."

ஏரிக்கரையில் மழை விட்டிருந்தது. இரண்டு நாளில் தண்ணீர் கோரைப்புல்லுக்குள் ஏறியிருந்தது. எந்த இடத்தில் கவிழ்த்தோம் என்று வேம்புலிக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்தார். புதரில் எறிந்த தலையணை உறை கிடைத்தது. அதைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, கல் இடுக்கு, மர வேர், உடைந்த படிக்கட்டு எல்லாவற்றையும் கையால் துழாவினார். கையுறையை வண்டிப் பெட்டியிலிருந்து எடுக்க மறந்திருந்தார். இரண்டு மணி நேரம் ஆனது. மதகுப் பக்கம் ஒருவன் வலை வீசிக்கொண்டிருந்தான். அவ்வப்போது ஏரியில் ஜிலேபிக் கெண்டை பிடித்துத் தெருவில் விற்க வரும் மனோகரன்தான் அது. என்ன அண்ணாத்தே தேடுகிறாய் என்று கேட்டான். பாம்பு என்றார் வேம்புலி. மனோகரன் வலையை அப்படியே கையில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தான்.

"நேத்து காத்தால இங்க ஒரு கண்ணாடி விரியன அடிச்சாங்களே. வாக்கிங் வர்றவங்க நாலஞ்சு பேரு."

"எப்டி இருந்துச்சு?"

"இம்மாந்தண்டி. குண்டா, பழுப்பா, மஞ்ச மஞ்சளா பட்ட போட்டு. ஆனா ஒண்ணு அண்ணாத்தே, நா எவ்ளோ விரியன் பாத்துகீறேன். கிட்டப் போனா குக்கராட்டம் சீறும். இது சத்தமே போடல. மொத அடி வுழுந்ததும் சுருண்டு தலைய உள்ள வச்சுகிச்சு. ஓடவும் இல்ல. அடிச்சுகினே கீறாங்க, அது அப்டியே கெடக்குது. எனக்கே ஒரு மாரி ஆயிடுச்சு."

பால் ஊற்றிப் புதைத்த இடத்தையும் காட்டினான். ஒரு கருவேல மரத்தடி. ஈர மண் லேசாக மேடு தட்டியிருந்தது. வேம்புலி அதன் எதிரில் குந்தி உட்கார்ந்தார். நேற்றுக் காலை என்றால் அவர் உலை வாசலில் நின்றிருந்த நேரம். வியாழக்கிழமை ராத்திரி முழுக்க அது உயிரோடு இங்கேதான் இருந்திருக்கிறது. பெட்டியைத் திறந்தது யார் என்று மகன் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருந்தால், இரண்டு பேரும் வண்டியில் வந்து பத்து நிமிடத்தில் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அது எங்கேயும் போகவில்லை. வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பேச்சைத் தயார் செய்தார். பாம்பு எப்படியோ வெளியே போய்விட்டது, ஏரிப்பக்கம் யாரோ அடித்துவிட்டார்கள், மனோகரன் பார்த்தானாம். அவ்வளவுதான். அதில் பாதி உண்மைதான். அன்னம்மாளும் இனிமேல் பெண்ணை அனுப்புவாள். எல்லாம் முடிந்துவிடும்.

தினகரன் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். தொட்டிக்கு அடியில் குழாயைக் கழற்றியிருந்தான். முழங்கையில் தகடு கிழித்து ரத்தம் காய்ந்திருந்தது. வரலட்சுமி சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, ஒரு வாய் சாப்பிடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். வேம்புலியின் சேறு படிந்த கால்களை அவள் முதலில் பார்த்தாள்.

"டேய், பஞ்சு இல்லடா. ஏரியாண்ட அடிச்சுட்டாங்களாம். மனோகரன் சொன்னான்" என்றார் வேம்புலி.

தினகரன் நிமிர்ந்து பார்த்தான். அழவில்லை. கழற்றி வைத்த குழாயையே பார்த்துக்கொண்டு கணக்குப் போடுவதுபோலப் பேசினான்.

"ஏரிக்கு அதால எப்டி போவ முடியும்? இந்தப் பைப்புல பூந்து கால்வாய்க்குப் போயிருக்கும். மழத்தண்ணி அடிச்சுகினு போயிருக்கும். எவ்ளோ பயந்துச்சோ. கண்ணாடிய ஒழுங்கா சாத்த ரெண்டு செகண்டு ஆவுமா நைனா? அந்த ரெண்டு செகண்டு நின்னிருந்தா…"

வரலட்சுமி தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அவள் கணவனைப் பார்க்கவில்லை. ஆனால் வேம்புலிக்குத் தெரிந்தது, இப்போது சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை சாகும்வரைக்கும் இந்த இரண்டு வினாடியைச் சுமப்பான் என்று.

"நீ சாத்திட்டுதான்டா போனே," என்றார். "நாதான் தொறந்தேன். வியாழக்கெழம மத்தியானம் எடுத்துகினு போய் ஏரில வுட்டேன். வுட்டுட்டு வந்து உம்மேல சொன்னேன்."

மாடியில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. தினகரன் ஸ்பேனரை எடுத்துக் குழாயைத் திரும்ப மாட்டத் தொடங்கினான். மரையைச் சரியாகப் பொருத்தி இறுக்கி, தண்ணீரைத் திறந்துவிட்டு ஒழுகுகிறதா என்று பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்கனு காட்டு."

அவன் பைக்கில் போனார்கள். மரத்தடியில் தினகரன் ஸ்க்ரூ டிரைவரால் மண்ணைக் கிளறினான். வேம்புலி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மண்ணைத் திரும்ப மூடும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார். கை கழுவ ஏரிக்குள் இறங்கிய மகன் ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தான். மேலே ஏறி வந்ததும் சொன்னான்:

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் நைனா. அக்காவுக்காக குடுக்க மாட்டேனா?"

அன்று சாயங்காலம் வேம்புலி அன்னம்மாளுக்குப் போன் செய்து, பாம்பு தொலையவே இல்லை, தானே கொண்டுபோய் விட்டது, மகன்மேல் தப்பில்லை, அது செத்தும் போய்விட்டது என்று நடந்ததை அப்படியே சொன்னார். அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாமே, வேறெங்காவது வைத்தால் போதும் என்றுதானே நானும் நினைத்தேன் என்றாள் அன்னம்மாள். மாடி ஏறிப் போய் ஜமீலாவிடமும் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு குறையில்லாமல் நடந்தது. ஐந்து வகைச் சோறு கட்டிப் போனார்கள். தினகரன் தம்பி முறைக்கு வாங்கிய புடவையை அக்கா கையில் கொடுத்தான். அவள் கன்னத்தில் சந்தனம் பூசினான். அவள் பெட்டியை அவனே தூக்கிவந்து காரில் வைத்தான். மேனாம்பேட்டில் அவளுடைய கட்டிலைத் தன் அறைக்கு மாற்றிப் போட்டான். பின்பக்கத்து அறை ஈரம், இதில்தான் வெளிச்சம் வரும் என்றான். பிளைவுட் பெட்டியைப் பிரித்துப் பலகையாக்கிப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டிருந்தான். சௌம்யா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, என்னால்தானேடா என்று அழுதாள். பிள்ளைத்தாச்சி அழக்கூடாது என்றான். அன்று சாயங்காலம் இரண்டு பை துணியோடு வேலப்பன்சாவடியில் கார்த்திகேசனின் அறைக்குக் கிளம்பினான். வேலைக்குப் போக அங்கிருந்துதான் கிட்டம் என்று அம்மாவிடம் சொன்னான். அது உண்மையில்லை என்று வீட்டிலிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

மாசியில் சௌம்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தினகரன் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, அப்பா வருவதற்குள் போய்விட்டான். குழந்தையைத் தொட்டிலில் போடும் நாளுக்குத் தாய்மாமன் வேண்டும். போனில் கூப்பிட்டால் போதாது என்று வரலட்சுமி வறுத்த வஞ்சிரத்தையும் சோற்றையும் அடுக்கில் கட்டிக் கொடுத்து வேம்புலியை அனுப்பினாள். ஷிஃப்ட் முடிந்து இரண்டு பஸ் மாறி வேலப்பன்சாவடி போனார். காலேஜ் பிள்ளைகள் தங்கும் கட்டடத்தில் மூன்றாவது மாடி. கார்த்திகேசன் வேலைக்குப் போயிருந்தான். தினகரன் மட்டும் இருந்தான். இளைத்திருந்தான். உட்காரு நைனா என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டுக் கொடுத்தான். குழந்தைக்குப் பால் போதுகிறதா, அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டான். மரியாதையாக, வீட்டுக்கு வந்த முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை தொட்டில் போடுகிறோம், நீ வரவேண்டும் என்றார் வேம்புலி. அவன் ஜன்னல் வழியாக நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அத வுட்டுட்டு வர்றப்ப, திரும்பிப் பாத்தியா?"

வேம்புலி டீ கிளாஸைத் தரையில் வைத்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை. வரலட்சுமியிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

"பாத்தேன்டா. வளைவாண்ட வண்டிய நிறுத்திட்டு பாத்தேன். வச்ச எடத்துலயே கெடந்துச்சு. தூற ஆரம்பிச்சுட்டிருந்துச்சு. போய் எடுத்துகினு வந்துடலாம்னு தோணுச்சு. உறைகூட அங்கதான் கெடந்துச்சு. அஞ்சு நிமிசம் இருக்கும், நின்னுகினே இருந்தேன். அப்பறம் வண்டிய எடுத்துட்டேன்."

தினகரன் தலையை ஆட்டினான். கண்ணை ஒரு கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டான். மன்னித்துவிடு என்று கேட்க வேம்புலிக்கு வாய்வரை வந்தது. கேட்டால் அவன் மரியாதைக்குச் சரி என்றுதான் சொல்வான் என்று தோன்றியது. அதனால் கேட்கவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. தினகரன் அடுக்கைத் திறந்து, ஒரு துண்டு மீனைப் பிட்டு வாயில் போட்டான். மீதியை மூடி வைத்தான். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"அம்மா தேடும். பஸ்டாப்பு வரைக்கும் கொண்டாந்து வுடறேன், வா."

"ஞாயித்துக்கெழம?"

"கொழந்தைக்கு வர்றேன்" என்றான்.

கீழே இறங்கி அவன் பைக்கைக் கிளப்பினான். வேம்புலி பின்னால் ஏறி உட்கார்ந்தார். சாலை குண்டும் குழியுமாக இருந்தது. மகனின் தோளைப் பிடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினார். பிறகு கையை இறக்கி, சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.